அவளுக்குப் பதிலாக

காத்திருப்போர் கூடம், இரண்டாம் மாடி
நான்காம் நாள், காலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத முடியாத நிலைமை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று உங்களுக்கு இரண்டு முறை போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. தப்பாக நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டு நம்பரை எடுக்காதவர் நேற்று மட்டும் எடுப்பார் என்று நினைத்தது என் அவசரம். ஆகவே காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து, அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிடுவதாக அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்து புரியாத இடத்தில் அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என் கையெழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரர்தான் வேண்டும் என்பாள் உங்கள் தங்கை.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். பத்து நாளாக இருமல். டாக்டரிடம் போகலாம் என்றால், "டியூட்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்பாள். அவளுக்கு இன்னும் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு அறை வேலைதான். மைக்கை அணைத்துவிட்டு இருமுவதும், மைக்கைப் போட்டு "ஐந்தாம் நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று சொல்வதுமாக ஒரு வாரத்தை ஓட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் வரும்போதே பேச்சு நின்றுவிட்டது. நுரையீரலில் பிடித்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதாம். அன்று மதியமே தொண்டைக்குள் குழாய் விட்டு, வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள்.

காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், ஒரே ஒரு ஆளை உள்ளே விடுகிறார்கள். காலைப் பத்து நிமிஷம் எனக்கு. மாலைப் பத்து நிமிஷம் பாப்பாவுக்கு. பாப்பா என்றதும் உங்களுக்கு முன்பல் விழுந்த குழந்தைதான் ஞாபகம் வரும். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி முடிந்து நேராக இங்கே வருகிறாள். என் எதிரில் அழுவதில்லை. பாத்ரூம் போய்விட்டு வரும்போது கண் சிவந்திருக்கும். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

உள்ளே போனால் எனக்கு முதலில் கண் போவது மெஷின்கள் பக்கம்தான். உங்களுக்குத் தெரியுமே, குடிநீர் நிலையத்தில் இருபத்தைந்து வருஷமாக மீட்டர் பார்க்கிற பிழைப்பு. ஆக்சிஜன் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நேற்றைக்கு இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று மனதில் குறித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டாம் நாள் ஒரு சீனியர் நர்ஸ் என்னை அதட்டிவிட்டார். "மெஷினைப் பாக்க நாங்க இருக்கோம் சார். நீங்க அவங்களைப் பாருங்க. பேசுங்க. கேக்குதா இல்லையான்னு எங்களால சொல்ல முடியாது. ஆனா பேசாம மட்டும் இருக்காதீங்க."

பேசு என்றால் என்ன பேசுவது மச்சான்? எங்கள் வீட்டில் பேசுகிற வேலை அவளுடையது. நான் ம் கொட்டுகிறவன். பால்காரருக்கு நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, இதைத்தான் சொன்னேன். அப்புறம் உங்கள் பெயரைச் சொன்னேன். "அண்ணனுக்குச் சொல்லிடறேன்" என்றேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் படுக்கை நம்பர்தான். நான் நாலாம் பெட். எனக்கு எதிர் நாற்காலியில் இருப்பவர் ஆறாம் பெட். லாரி ஓட்டுகிறவர். உள்ளே இருப்பது அவருடைய அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் இவரை வளர்த்த அக்காவாம். முதல் நாளே எனக்குப் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். வீட்டுக்காரி, பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள் என்றேன். மனுஷர் எழுந்து நின்றுவிட்டார். "அந்தக் குரலா? நான் பஸ் ஓட்டின காலத்துல அந்தக் குரல் சொன்னாத்தான் வண்டியை எடுப்பேன்" என்றார். அந்தக் குரலுக்குள் இப்போது குழாய் போயிருக்கிறது என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி.

இந்த மாடியின் கடைசியில் ஒரு அறை இருக்கிறது. கதவில் பிரார்த்தனை அறை என்று எழுதியிருக்கும். எல்லா மதத்துக்கும் பொது. உள்ளே படம் கிடையாது, விளக்கு கிடையாது. எட்டு நாற்காலி, ஒரு பாய், ஒரு ஜன்னல். மூலையில் சக்கரம் கழன்ற ஒரு வீல்சேர். நான் அங்கே போனது பக்தியால் இல்லை. கூடத்தில் இருக்கிற பிளக் எல்லாவற்றிலும் யாராவது போனைச் சொருகி வைத்திருந்தார்கள். சார்ஜ் போட இடம் தேடிப் போனேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடவுள் இல்லை என்று வாதாடுகிற ஆளும் இல்லை, இருக்கிறார் என்று கும்பிடுகிற ஆளும் இல்லை. எனக்கு அதில் ஜோலி இல்லை, அவ்வளவுதான். கும்பிடுவது அவள் இலாகா. தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, சமையலறைக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பெரிய மந்திரமெல்லாம் கிடையாது. பெயர்களைச் சொல்வாள். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுவாள். இருபத்திரண்டு வருஷம் அதை அரைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். "மேலிடத்துக்கு அட்டென்டன்ஸ் எடுக்கறியா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். அதற்கும் சிரிப்பாள்.

போனைச் சொருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. நாலு நாளாக அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிஃப்ட்காரன் வந்து கையெழுத்துப் போடாமல் ஒருத்தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆள் விழுந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவன் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். தெரியும் தெரியாது என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் நிற்கக் கூடாது. எனக்கு அந்த ஒரு நினைப்புதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொல்கிற வரிசையில் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போனைப் பார்க்கிற மாதிரி நடிக்கலாம் என்று ஒரு கையைப் போன் மேலேயே வைத்திருந்தேன்.

எல்லாப் பெயரும் ஞாபகம் இருந்தது மச்சான். காது வாங்கி வைத்திருக்கிறது. முதல் பெயர் உங்களுடையது. இருபத்திரண்டு வருஷமும் அதுதான் முதல் பெயர். நீங்கள் பேசாமல் போன இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அது இரண்டாவதாக மாறியதில்லை. இதை உங்களிடம் சொல்ல அவள் ஒருகாலும் சம்மதிக்க மாட்டாள். தூங்குகிறாள், அதனால் சொல்லிவிட்டேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. படித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


அதே கூடம்
ஏழாம் நாள், பிற்பகல்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். கடிதத்தைக் கொடுத்ததாக அக்கா சொன்னார்கள். இரண்டு தடவை படித்தீர்களாம், ஒன்றும் சொல்லவில்லையாம். சரி. இதையும் படியுங்கள். முதல் கடிதத்தைவிட இதுதான் கஷ்டமானது. மத்தியானத்திலிருந்து நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று ஆறாம் பெட் போய்விட்டது. லாரிக்காரரின் அக்கா. காலை பதினொன்றரைக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதத்திலேயே கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் வெளியே வந்து, செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்று நாளாக அவரும் நானும் காலை ஆறு மணிக்கு அந்த அறை திறந்ததும் போய் உட்காருவோம். அவர் வேறு மாதிரி கும்பிடுகிறவர், நான் பெயர் படிக்கிறவன். அவருடைய பெயர்களில் என் வீட்டுக்காரியைச் சேர்த்துக்கொண்டார், என் வரிசையில் அவருடைய அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேர் மூன்று நாள் கேட்டும் ஒன்று போய்விட்டது. பிரார்த்தனை செய்தால் பலிக்கும் என்று எழுத எனக்குக் கை வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

இன்று காலை டாக்டர் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டர்தான், ஆனால் தணிந்த குரல். சிறுநீரகமும் தடுமாறுகிறதாம். டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சம்மதம் கேட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்ய வேண்டுமா, வேண்டாமா. "இப்பவே சொல்லணும்னு இல்லை. வீட்ல பேசிட்டு சாயங்காலம் சொல்லுங்க" என்றார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பன்னிரண்டு வருஷம் முன்னால் போய்விட்டேன். அந்த மாதிரி அறை, அந்த மாதிரி மேஜை. அத்தை உள்ளே வென்டிலேட்டரில். நீங்கள் விமானத்தில். "நான் வர்ற வரைக்கும் எதையும் எடுக்காதீங்க" என்று விமானம் ஏறுமுன் நீங்கள் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பகல் பன்னிரண்டரைக்கு, மெஷினை எடுத்துவிடலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். நீங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து இறங்கினீர்கள். எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பார்த்து, "நீதான் அம்மாவைக் கொன்னே" என்றீர்கள். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அவள் சொல்லாததை இன்றைக்கு நான் சொல்கிறேன்.

அவள் அன்று கையெழுத்துப் போட மறுத்தாள். "அண்ணன் வரட்டும், அஞ்சு மணி நேரம்தானே" என்று டாக்டரிடம் கெஞ்சினாள். டாக்டரும் உங்கள் இஷ்டம் என்றுதான் சொன்னார். பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தவன் நான். "அத்தை கஷ்டப்படறாங்க. இன்னும் அஞ்சு மணி நேரம் எதுக்கு இந்தச் சித்திரவதை? போடு" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். அவள் போட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட். லீவு மாற்றி எடுத்து, அதற்கு மேல் எடுக்க முடியாத நிலைமை. அத்தையின் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய் இல்லை. ஆனால் சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. இந்தக் கடிதத்தில் நான்கு முறை கிழித்தது இந்த இடத்தைத்தான்.

நீங்கள் அவளைத் திட்டியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகும் இல்லை, ஒரு சண்டையில்கூட இல்லை. ஆகவே மச்சான், கோபம் என்று ஒன்று இருந்தால் அதன் விலாசம் நான். பன்னிரண்டு வருஷமாகத் தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று நான் அந்தக் காகிதத்தோடு பிரார்த்தனை அறைக்குப் போனேன். எனக்குப் பேனாவை எடுத்துக் கையில் வைக்க ஆள் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் ஆள் இல்லை. பெயர் படிக்க ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. யாரிடம் என்று தெரியாமலே வாய்விட்டுக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியல. எதைப் போட்டாலும் அவளுக்கு நல்லதா இருக்கணும்." இதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. பதில் எதுவும் வரவில்லை. ஆனால் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், சொல்லி முடித்தபோது யாரோ நான் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையின் மறுமுனையைப் பிடித்த மாதிரி இருந்தது. பாரம் குறையவில்லை. நிமிர முடிந்தது. வெளியே வந்து டாக்டரிடம், முயற்சி செய்யுங்கள், எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நாற்பத்தாறு வயதுதான் மச்சான்.

இப்போது என் வேண்டுகோள். உங்கள் குரலில் ஏதாவது பேசி அனுப்புங்கள். ஒரு நிமிஷம் போதும். அக்காவின் போனிலிருந்தே அனுப்பினால் போதும். பாப்பா அதை அவள் காதருகே வைப்பாள். காதில் விழுமா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. மன்னித்தேன் என்று சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் வேண்டுமானால் திட்டக்கூடச் செய்யலாம். அவளுக்கு உங்கள் குரல்தான் வேண்டும்.

அவள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு உரியவன்


வீடு
இருபத்தாறாம் நாள், காலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். மேலே வீடு என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முந்தாநாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். அக்காவிடம் பாப்பா போனில் சொல்லிவிட்டாள் என்றாலும், நான் முறையாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உங்கள் குரல் எட்டாம் நாள் காலை வந்தது. நாற்பத்தொரு விநாடி. பாப்பா தன் போனை என்னிடம் கொடுத்து, காலை நேரத்தில் நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். உள்ளே எடுத்துப் போனேன். சீனியர் நர்ஸ் பக்கத்தில் நின்றிருந்தார். முதல் பத்து விநாடி நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். அப்புறம் அவளுடைய சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொல்லி, "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். மூக்குக் குழாய் வழியாகப் பால் இறங்குகிறவளிடம்! நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கும் அவளுக்கும் உள்ளது. நர்ஸ் அந்த இடத்தில் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்.

கண்ணைத் திறந்தாள், கண்ணீர் வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. மெஷினில் ஒரு நம்பர்கூட மாறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுதது நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை என்று நினைக்கிறேன். கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போய், நர்ஸிடம் மறுபடி திட்டு வாங்கினேன்.

பத்தாம் நாள்தான் திரும்பியது. முதலில் காய்ச்சல் விட்டது. மெஷின் கொடுக்க வேண்டிய ஆக்சிஜன் எண்பதிலிருந்து அறுபது, அறுபதிலிருந்து நாற்பத்தைந்து. சிறுநீர் வர ஆரம்பித்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் லாட்டரி விழுந்த மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு மனுஷியின் சிறுநீருக்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. மூன்றாவதாக மாற்றிய மருந்து பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். நான் அதை அப்படியே நம்புகிறேன். அந்தப் பிள்ளை தூங்காமல் பார்த்தார்.

பதினாலாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் சுத்தமாக வரவில்லை. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தாள். பாப்பா ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தாள். கை நடுங்க நடுங்க என்னமோ எழுதினாள். அப்பா, அம்மா உங்களுக்குத்தான் எழுதறாங்க என்று பாப்பா ஓடி வந்து காட்டினாள். "எந்த நடைமேடை?" என்று எழுதியிருந்தது. பாவம், அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. நாலாம் நடைமேடை என்று பாப்பா சொன்னாளாம். சரி என்று தலையாட்டிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

அதே நாளில்தான் லாரிக்காரர் வந்தார். அக்காவின் பேப்பர்களை வாங்க வந்தவர், கீழே வேலை முடிந்ததும் படியேறி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார். பிரார்த்தனை அறைக்குப் போனோம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. என் ஆள் பிழைத்துக்கொண்டாள், அவருடைய ஆள் இல்லை. மனதில் வைத்திருக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "கேட்டது கிடைக்கலியே. கோபம் வரலையா உங்களுக்கு?"

"வராம? லாரியை ஓட்டிக்கிட்டே சத்தம் போட்டுத் திட்டறேன்" என்றார். "ஆனா திட்டறதுக்கும் அங்கதான் போக வேண்டியிருக்கு. வேற யாருகிட்டப் போவேன்? அப்புறம் பழக்கத்துல அக்கா பேருக்கு அடுத்து உங்க வீட்டம்மா பேரு வாயில வந்துடுது. அதை ஏன் நிறுத்தணும்?"

மச்சான், நான் அதிகம் படித்தவன் இல்லை. கடவுள் இருக்கிறாரா என்று நீங்கள் இன்று கேட்டாலும் எனக்கு விடை தெரியாது. ஆனால் தன் அக்காவைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்தவன் மனைவிக்காக அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த மனிதரை நான் பார்த்தேன். அவர் தனியாக உட்காரவில்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அதற்குப் பிறகு நான் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போனை எடுப்பதில்லை.

இப்போது காலை ஐந்தரைக்கு வீட்டில் சுவரோரம் நான் உட்காருகிறேன். அவளால் தரையில் உட்கார முடியாது, கட்டிலிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். நேற்று பாதியில் நிறுத்தி, கரகரத்த குரலில், "பக்கத்து வீட்டு டீச்சரை விட்டுட்டே" என்றாள். இருபத்திரண்டு வருஷத்துக் கிண்டலுக்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அவளிடம் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று. நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். கோபம் வந்துவிட்டது. "உன்னை யாரு சொல்லச் சொன்னா? பேனா என் கையிலதானே இருந்துச்சு. எனக்குப் புத்தி இல்லையா? அம்மாவுக்கு வேணும்னுதான் போட்டேன்" என்றாள். எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தப் பதினாலு நாளில் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. நான் பேசியது, பாப்பா பாடியது, உங்கள் குரல், எதுவும் இல்லை. நேற்று சாயங்காலம், பாப்பா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, யாரையும் பார்க்காமல், "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "என்ன சொன்னான்?" என்றாள்.

உங்கள் குரலைப் பாப்பா என் போனுக்கும் அனுப்பியிருந்தாள், அந்தப் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டிருந்தால் நாற்பத்தொரு விநாடியில் முடிந்திருக்கும். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். நான் போடவில்லை. "நேர்ல சொல்லுவார்" என்று மட்டும் சொன்னேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். தப்புதான். பன்னிரண்டு வருஷம் முன்னால் நான் அவளை உங்களுக்காக ஐந்து மணி நேரம் காத்திருக்க விடவில்லை. இப்போது நாங்கள் மூன்று பேரும் காத்திருக்கிறோம். எத்தனை நாள் ஆனாலும் சரி.

வாருங்கள் மச்சான். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் இன்னும் பத்தடிதான் நடக்கிறாள், வாசல் வரைக்கும் வந்து வரவேற்க முடியாது. கதவைத் திறக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். என்னோடு நீங்கள் பேச வேண்டும் என்று இல்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காமலே என்னைத் தாண்டி உள்ளே போய்விடுங்கள். இடது பக்கம் இரண்டாவது அறை.

வருகிற வழியெல்லாம் உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கதவருகில் இருப்பவன்